சிட்டு தின்ற மாத்திரை

வேல்பாண்டி வீட்டில் அந்த வருஷம் ரெண்டு பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி அவன் பெண்டாட்டி யோகேஸ்வரி. இன்னொருத்தி சிட்டு, அவன் வளர்க்கிற நாய். செட்டியார்பட்டியில் எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. யார் முதலில் பெறப்போகிறாள் என்று டீக்கடையில் பந்தயம்கூடக் கட்டினார்கள். இப்போது அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

என் பெயர் பாண்டீஸ்வரி. அவர்களுக்கு அடுத்த வீடு. வாசல் பக்கம் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் என்பதால் தெருவில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. வேலு என்னை அக்கா என்பான், அவள் மதினி என்பாள். சொந்தம் கிடையாது, பழக்கத்தில் வந்த முறைதான். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவர்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் என்னிடம் சொன்னது. நடந்த வரிசைப்படியே சொல்கிறேன்.

சிட்டு ஏதோ தெருவில் திரிகிற நாய் இல்லை. அசல் ராஜபாளையம். மூக்கு ரோஸ் நிறம், உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. கண்காட்சிக்குப் போய்க் கப்பு வாங்கிய நாய். அதன் முதல் ஈத்துக் குட்டிகளைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் மொத்தமாக வாங்கிப் போன பிறகுதான் வேலு வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவரே வந்தது. தேவதானத்துப் பக்கம் அவனுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. அது மழையை நம்பி நிற்பது. சிட்டு அப்படியில்லை. அதனால் வீட்டில் முதல் சோறு சிட்டுவுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு.

யோகேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். தகப்பன் இல்லை, அம்மா சுடலையம்மாள் மட்டும்தான். பேறுகாலம் பார்ப்பதும் அந்த ஊர் டாக்டரம்மாவிடம் என்று முடிவாகியிருந்தது. ஏழாம் மாதம் காட்டப் போனபோது டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாராம்.

"ரத்தமே இல்லையேம்மா. பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போறது எல்லாருக்கும் உள்ளது. இப்படியே இருந்தா உனக்கு அந்தக் கொஞ்சமே தாங்காது. மாத்திரை எழுதுறேன், ஒருநாள் விடாம சாப்பிடணும்."

வேலுவும் பக்கத்தில்தான் இருந்தான். நன்றாகத் தலையாட்டினான்.

தேரடிப் பக்கம் கருத்தையா அண்ணாச்சியின் மெடிக்கல். சீட்டை வாங்கிப் பார்த்த அண்ணாச்சி ரெண்டு அட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று டாக்டரம்மா எழுதியது, பெரிய கம்பெனி, பளபளவென்று அட்டை. இன்னொன்று சாதா அட்டை, விலை அதில் கால்வாசிதான்.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அதே இரும்பு, அதே ஃபோலிக் ஆசிட், அளவும் அதே அளவு. அட்டைக்கும் விளம்பரத்துக்கும்தான் அந்த விலை. டாக்டரம்மாவே கேட்டா இதைத் தரலாம்னுதான் சொல்லுவாவ. எம் வீட்டுக்குன்னா நான் இதைத்தான் எடுப்பேன்."

"அப்ப அதையே குடுங்க அண்ணாச்சி," என்றான் வேலு.

அதில் யோகேஸ்வரிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மிச்சத்துக்குப் பால்கோவா வாங்கித் தரச் சொல்லி, வாங்கித் தின்றுகொண்டேதான் பஸ் ஏறியிருக்கிறாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். மனசு கெட்டது ராஜபாளையத்தில் இறங்கிய பிறகுதான்.

அங்கே நாய்க்கு வேண்டிய சாப்பாடு, மருந்து, சங்கிலி எல்லாம் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கௌதம்ராஜ் என்று ஒருத்தன் நடத்துகிறான். சிட்டு சினையாக இருக்கிறதே என்று வேலு டானிக் கேட்டான். கௌதம்ராஜும் ரெண்டு பாட்டிலை எடுத்து வைத்தான். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. இன்னொன்று நம் ஊரில் செய்தது.

"அண்ணே, இதுலயும் அதே கால்சியம், அதே வைட்டமின்தான். விலை பாதிக்கும் கீழ. சும்மா எதுக்கு அம்புட்டு குடுக்கீக?"

வேலுவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். "ஏலே, வாயில்லாச் சீவன்லே அது. எனக்கு ஏன் மட்டமானத வாங்கிட்டு வந்தேன்னு அதால கேக்க முடியுமா? நாமதான பாத்து வாங்கணும்? நல்லதையே எடு."

பக்கத்தில் பால்கோவாக் காகிதத்தைக் கையில் கசக்கிக்கொண்டு இவள் நிற்கிறாள். விலை என்ன என்றுகூட அவன் கேட்கவில்லை. பில்லைப் பார்க்காமலே ரூபாயை எடுத்து நீட்டினான்.

சாயங்காலம் என் மெஷின் பக்கம் வந்து உட்கார்ந்து இத்தனையும் சொன்னாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எனக்கு வாய் இருக்குல்லா மதினி, அதான் எனக்குக் கால் விலை மாத்திரை. நாயாப் பெறந்திருக்கணும்."

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. வேலு நாய்க்குச் சோறு வைக்க வந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "ஏலே, பொண்டாட்டிக்கு மட்டமானது, நாய்க்கு உசந்ததா?"

"மட்டமில்லக்கா. ரெண்டும் ஒண்ணுதான்னு அண்ணாச்சியே சொன்னாரு."

"நாய் மருந்தையும்தான் ரெண்டும் ஒண்ணுன்னு கடைக்காரன் சொன்னானாமே?"

"அது வேற அக்கா," என்றான். சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனான்.

அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாசமான நாளிலிருந்து அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விட்டதில்லை. புளிப்பு மாங்காய்க்காகத் தேவதானம் வரை வண்டியை விரட்டினவன். ஆனால் சிட்டு என்றதும் அவனுக்குக் கோயம்புத்தூர்க்காரர் ஞாபகம் வந்துவிடும். விலை போகிற உயிருக்கு விலை கூடினதை வாங்க வேண்டும் என்பது அவன் மனசில் ஊறிப்போன வழக்கம். பெண்டாட்டியை விற்கப் போகிறதில்லையே, அதனால் அவளுக்கு எது மலிவோ அது. இதை அவன் யோசித்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அவளும் முதல் சில நாள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள். இரும்பு மாத்திரை யாருக்குமே லேசில் ஒத்துக்கொள்ளாது. குமட்டியது, வாயெல்லாம் துருப்பிடித்த ருசி, வெளிக்குப் போவது பெரும்பாடு. விலை கூடினதைச் சாப்பிட்டிருந்தாலும் இதேதான். ஆனால் அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. மட்டமான மாத்திரை, அதனால்தான் குடலைப் பிரட்டுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

சிட்டுவுக்குச் சோறு பிசைந்து வைப்பது அவள் வேலை. பால்சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றி, மேலே ஒரு மூடி டானிக். ஒருநாள் காலையில் மூடியைத் திறந்தவள் மோந்து பார்த்திருக்கிறாள். ஆரஞ்சு மிட்டாய் வாசம். பாட்டில் மேலே நாய்ப் படம் இருந்தாலும் கீழே ஏ, டி, பி என்று வரிசையாக வைட்டமின் பெயர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள்தான், எல்லாவற்றையும் வாசித்தாள். இரும்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு மூடி ஊற்றித் தானே குடித்தாள். தன் மாத்திரையை நசுக்கிச் சிட்டுவின் பால்சோற்றில் போட்டாள்.

"சாக்கடையில போட்டிருக்கலாமே, ஏட்டி?" என்று பிறகு நான் கேட்டேன்.

"அவர் எனக்கு வாங்கினத அது திங்கட்டும், அதுக்கு வாங்கினத நான் குடிக்கேன்னு ஒரு ஆங்காரம் மதினி."

மறுநாளிலிருந்து குமட்டல் நின்றது. வயிறு லேசானது. மாத்திரையை நிறுத்தியதால் நின்ற குமட்டல் என்று அவளுக்கு யார் சொல்வது? விலை கூடின மருந்து விலை கூடின மருந்துதான் என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தினமும் காலையில் அவளுக்கு ஒரு மூடி, சிட்டுவுக்கு ஒரு மாத்திரை. வேலு அட்டையைப் பார்த்தால் மாத்திரை குறைந்திருக்கும், பாட்டிலைப் பார்த்தால் டானிக் குறைந்திருக்கும். ரெண்டு பேறுகாலமும் ஒழுங்காக நடக்கிறது என்று அவன் நிம்மதியாக இருந்தான்.

அடுத்த தடவை ரத்தம் சோதித்தபோது முன்பைவிட இன்னும் இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"மாத்திரை சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிடுதேன் டாக்டர்."

"கறுப்பாப் போகுதா? இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம்."

"ஆமா டாக்டர், கறுப்பாத்தான் போகுது." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாளாம்.

நம்பாமல் என்ன செய்வார் அவர்? உன் உடம்பில் மாத்திரை பிடிக்கவில்லை, நரம்பு வழியாக இரும்பு ஏற்றிவிட வேண்டியதுதான், நாள் நெருங்கிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை காலையில் கட்டாயம் வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வேலு நேரே அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சத்தம் போட்டான். "போலி மாத்திரையா வித்தீரு? புள்ளத்தாச்சிக்குக் குடுக்கற மாத்திரையிலயுமா ஓய் ஏமாத்துவீரு?"

கடையில் நாலு பேர் நிற்கையில் அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பி, வார்த்தைய அளந்து பேசும். அதே மாத்திரையச் சாப்பிட்டுத்தான் எம் மருமவ புள்ளை பெத்தா. அவள வேணா வந்து கேட்டுப் பாரும்."

யோகேஸ்வரி அங்கேயே நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் மானம் தப்பியிருக்கும், அவள் உயிரும் தப்பியிருக்கும். வாயே திறக்கவில்லை. நாய் மருந்தைக் குடித்தேன் என்று நடுக்கடையில் எந்தப் பெண் சொல்வாள்?

அன்றைக்கு வந்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மதினி, விலை கூடின டானிக்னா ரத்தம் ஊறத்தான செய்யும்?"

"என்ன டானிக்கு, எதுக்குள்ள டானிக்குன்னு பாக்கணும். விலைய வச்சா ரத்தம் ஊறும்?" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். பயந்துவிட்டாள் என்று இப்போது தெரிகிறது. வெள்ளிக்கிழமை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுடலையம்மாளுக்கும் போன் போட்டு அதையேதான் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா மகள் நல்லபடி பெற்றுப் பிழைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் குன்றின் மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நடந்தே வந்து படியேறுகிறேன் என்று நேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போக லிங்கேஸ்வரன் ஆட்டோவைச் சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது நாலடி நடந்தாலே மூச்சு இரைத்தது, குனியவே முடியவில்லை. அதுவரை நாய்க் கொட்டகையைக் கூட்டி அள்ளியதெல்லாம் அவள்தான். அன்றைக்கு முடியாமல் போகவே வேலு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனான்.

போன வேகத்தில் அலறினான். "ஐயோ, சிட்டு ரத்தமாப் போவுதே!"

நான் எட்டிப் பார்த்தேன். கொட்டகை மூலையில் தார் மாதிரிக் கறுப்பாகக் கிடந்தது. சிட்டுவுக்கு முன்னால் வேலு வைத்திருந்த நாய் ஒன்று குடலுக்குள் ரத்தம் கசிந்து இப்படிக் கறுப்பாகப் போய்த்தான் செத்தது. அதைப் பார்த்தவனுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. வாசலில் வந்து நின்ற ஆட்டோவில் சிட்டுவைத் தூக்கி ஏற்றினான்.

யோகேஸ்வரி துவைத்து மடித்த சேலையைக் கட்டி, பூ வைத்து, ஆஸ்பத்திரிப் பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏலே வேலு, இன்னைக்கு அவளுக்கு ஏத்தற நாளுல்லா?" என்று நான் கத்தினேன்.

"உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுக்கா. குட்டியோட செத்துரும். இவளுக்கு நாளைக்கு ஏத்திக்கிடலாம், ஒருநாள்ல என்ன ஆயிரப் போவுது?"

"ஏங்க," என்றாள் அவள். "அது ரத்தமில்லங்க."

"ஒனக்கு என்னட்டி தெரியும்?"

அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் ஆட்டோவிலிருந்து நாய் இறங்கும், அவள் ஏறுவாள். ஆனால் அந்தப் பாட்டிலைக் குடித்தது நான்தான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. லிங்கேஸ்வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆட்டோ போய்விட்டது.

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளையும் திட்டினேன், அவனையும் திட்டினேன்.

"அழுதது போதும், எந்திரி. பஸ்ல போவோம். வீட்டப் பூட்டிட்டு நான் செத்த நேரத்துல வாரேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அவள் படியில் சாய்ந்து கிடந்தாள். சேலை நனைந்திருந்தது. இன்னும் சில நாளாவது இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்த வலி அன்றைக்கே வந்துவிட்டது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பிறகு வேலுவுக்குப் போட்டேன், அவன் எடுக்கவில்லை.

அவன் அப்போது ராஜபாளையத்தில் கால்நடை டாக்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அங்கே நடந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னான்.

டாக்டர் சிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். பிறகு அதன் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார்.

"இங்க பாருப்பா. உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா இது வெளுத்துப் போயிருக்கும். உன் நாய்க்குச் செக்கச் செவேல்னு இருக்கு. சினை நாய்க்கு இப்படி இருந்து நான் பாத்ததே இல்லை. இரும்பு மருந்து ஏதாவது குடுக்கியா?"

"இல்ல சார். வெளிநாட்டு கால்சியம் டானிக்தான் குடுக்கேன்."

"கால்சியத்துக்குக் கறுப்பாப் போகாது. சினையா இருக்கையில அதைக் குடுக்கவும் கூடாது. குட்டி போட்ட பொறவு பாலு கொடுக்கையிலதான் அது வேணும். இது இரும்புதான். வீட்டுல யாரும் இரும்பு மாத்திரை சாப்பிடுதாகளா?"

வேலுவுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அவள் மாத்திரை நாய்க்குப் போயிருந்தால் நாயின் டானிக் அவளுக்குத்தான் போயிருக்கிறது. பெண்டாட்டி முகம் அவனுக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. "அம்புட்டு விலை கூடின பாட்டில இவ குடிச்சிருக்காளேன்னுதான் அக்கா மொதல்ல தோணுச்சு. வீட்டுக்குப் போயி ரெண்டு வைக்கணும்னுதான் ஆட்டோவுல ஏறினேன்," என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் என் போனை எடுத்தான்.

ஆம்புலன்ஸ் எங்களைக் கொண்டு இறக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை, நல்ல குரலில் அழுதது. சுடலையம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. வெளியே ஆட்டோவில் சிட்டு தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே ரத்தம் நிற்கவில்லை. அங்கே இருந்தவர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள், இருந்த ரத்தத்தையெல்லாம் ஏற்றினார்கள். "ரொம்ப ஒண்ணும் போகலம்மா. வேற ஆளா இருந்தா எந்திரிச்சு உக்காந்திருக்கும். இவங்களுக்குக் கைவசம் ரத்தமே இல்லையே," என்று நர்ஸ் என்னிடம் சொன்னாள். டாக்டர் ஒருத்தர் அவள் இமையை இழுத்துப் பார்த்தார். வேலு பக்கத்தில் நின்று பார்த்தான். உள்ளே துளி சிவப்பு இல்லை, வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிட்டுவின் ஈறை அவன் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நானும் அவனும் கூடப் போனோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியபோது அவளுக்கு நினைவு வந்தது.

"ஏங்க, அந்த மாத்திரைய நான்..."

"தெரியும். பேசாத."

"சிட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியாக மூடினாள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த நேரத்திலும் நாய்க்கு ஏதாவது ஆகியிருந்தால் இவன் திட்டுவானே என்று பயந்திருக்கிறாள். கல்லுப்பட்டி தாண்டும்போது என் கைக்குள் இருந்த அவள் கை தளர்ந்தது. ஆம்புலன்ஸில் கூட வந்த நர்ஸ் நெஞ்சை அமுக்கினார், ஊசி போட்டார், என்னென்னவோ செய்தார். வேலு அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "விலை கூடினதையே வாங்குதேன், எந்திரிட்டி, விலை கூடினதையே வாங்குதேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது.

காரியம் முடிவதற்கு முன்பே சிட்டு குட்டி போட்டது. அந்த நாயை அடித்தே கொன்றுவிடுவான் என்று தெருவில் பேசினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவனே சோறு பிசைந்து வைத்தான், கொட்டகை கூட்டினான். பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் சுடலையம்மாளிடம் வளர்ந்தது. போவான், பார்ப்பான், வருவான். அண்ணாச்சி கடை இருக்கிற பக்கம் மட்டும் போகமாட்டான், சுற்றிக்கொண்டு வருவான். அந்த வெளிநாட்டுப் பாட்டில் பாதி டானிக்கோடு ஜன்னல் திட்டில் அப்படியே இருந்தது. எடுத்துப் போடு என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

குட்டிகள் கண் திறந்து ஓடியாட ஆரம்பித்ததும் கோயம்புத்தூர்க்காரர் காரில் வந்தார். துக்கம் அவருக்குத் தெரியாது. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கால் எலும்பைத் தடவினார், காது கேட்கிறதா என்று காதோரம் கை தட்டிப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணியை வைத்துக்கொண்டு தைக்காமல் இருந்தேன்.

"வேல்பாண்டி, போன ஈத்தைவிட இது பிரமாதம். ஒண்ணுகூட நோஞ்சான் இல்ல. தாய்க்கு என்ன குடுத்தீங்க? அந்த ஜன்னல்ல இருக்கே, அந்த வெளிநாட்டு டானிக்கா?"

"அது இல்ல சார்."

"பின்னே?"

வேலு சிட்டுவைப் பார்த்தபடி நின்றான். தொழில் ரகசியத்தை மறைக்கிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், சிரித்தார்.

"இரும்பு மாத்திரை சார்," என்றான்.

"அப்படியா? பேரைச் சொல்லுங்க, நம்ம நாய்ங்களுக்கும் வாங்கிப் போடுறேன்." அவர் பையிலிருந்து செல்போனை எடுத்தார். வேலு பெயரைச் சொன்னான். அவர் எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொண்டார்.

"விலை ஜாஸ்தியோ?"

"ரொம்பக் கம்மி சார்," என்றான் வேலு. "ஆனா நல்ல மாத்திரை. எம் பொண்டாட்டிக்குன்னு வாங்கினது."